மூக்கால் தேர்ந்தெடுப்பது

தாமிரபரணி புன்னக்காயலில் கடலோடு சேர்வதற்குச் சற்று முன்னால் ஏரல் என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. கரை நெடுக வாழைத் தோட்டங்கள். பழுக்கப்போட்ட தார்கள் தொங்கும் கடை வாசலில் நின்றால், தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தின் இனித்த வாசம் மூக்கில் ஏறும். அந்த வாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற மூலக்கூறு. வாழைப்பழம் பழுக்கும்போது லூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதை உண்டாக்கிக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் பார்லிச் சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் அதே லூசினிலிருந்து அதே மூலக்கூறை உண்டாக்குகிறது. நல்ல விஸ்கியை முகர்ந்தவர்கள் "வாழைப்பழ வாசம்" என்று குறித்துவைப்பது உவமை இல்லை. பழக்கடையில் மூக்கைத் தொட்ட அதே பொருள்தான் கண்ணாடிக் குவளையிலும் இருக்கிறது.

விஸ்கியைப் பழகத் தொடங்குபவர் பெரும்பாலும் மூன்றை வைத்து பாட்டிலைத் தேர்ந்தெடுக்கிறார்: விலை, லேபிளில் அச்சிட்ட வயது, நண்பர் சொன்ன பெயர். பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி இந்த மூன்றும் சொல்வது குறைவு. அதிகம் சொல்பவை வேறு நான்கு: எந்தப் பொருளைப் புளிக்கவைத்தார்கள், எப்படிக் காய்ச்சினார்கள், எந்த மரத்தில் அடைத்தார்கள், அந்த மரம் எந்த வெயிலில் கிடந்தது. நான்குமே வாசமாக விஸ்கியில் பதிந்திருக்கின்றன. அந்தப் பதிவைப் படிக்க மூக்கைப் பழக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு வேண்டிய பொருள்களில் அநேகமாக எல்லாமே ஏரல் வட்டாரத்தில் கிடைக்கும். குடிக்காதவரும் அந்தப் பாடத்தின் பாதியை முடித்துவிடலாம் என்பது இதிலுள்ள நல்ல செய்தி.

கலயத்துக்குள் நடப்பது

ஏரலுக்குத் தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வரை செம்மண் தேரியும் பனையும் நிறைந்த நிலம். பனையேறி பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக இறங்கும் சாற்றில் பத்து சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பூச்சியின் காலிலும் இருக்கும் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இது விருந்து. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி அவற்றைப் பெருகவிடாமல் தடுக்கிறது. விடிந்ததும் கலயத்தில் இருப்பது பதநீர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே சாறு அதே இரவில் கள்ளாகிவிடும். சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. கள்ளில் நுரைப்பது அந்த வாயுதான். ஒரு விரல் சுண்ணாம்பு இரண்டு பானங்களைப் பிரிக்கிறது, தமிழ்நாட்டுச் சட்டமும் அதே இடத்தில்தான் கோடு போடுகிறது. இங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. பதநீருக்குத் தடை இல்லை.

பனைக்கு இருக்கும் வசதி பார்லிக்குக் கிடையாது. பார்லி மணிக்குள் இருப்பது சர்க்கரை இல்லை, மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை உண்ண முடியாது. அதனால் மணியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளைக்கும் விதை தன் குருத்துக்கு உணவூட்ட அமைலேஸ் என்ற என்சைமைச் சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டத் தொடங்கும். அந்தத் தருணத்தில் முளையை உலர்த்தி நிறுத்தினால் கிடைப்பது மால்ட். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் வீடுகளில் நடப்பதும் இதே வேதியியல். முளைகட்டிய கூழ் நீர்த்து, தித்திப்பாக வருவது அமைலேஸின் வேலையால்தான். விஸ்கிச் சாலையில் அரைத்த மால்ட்டைச் சுமார் 64 டிகிரி வெந்நீரில் ஊறவிட்டு, இறங்கும் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள்.

இதற்குப் பின் எத்தனை மணி நேரம் என்பது முக்கியம். இரண்டு நாளில் ஆல்கஹால் ஏறக்குறைய முழுதும் வந்துவிடும், சுமார் எட்டு சதவீதம். அதோடு நிறுத்தினால் தானிய வாசமும் பருப்பு வாசமும் மேலோங்கிய விஸ்கி வரும். மூன்று நாளைத் தாண்டவிட்டால், ஈஸ்ட் ஓய்ந்த இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும். அதன் அமிலங்கள் ஆல்கஹாலோடு இணைந்து எஸ்டர்களாகும். வாழை, பேரிக்காய், அன்னாசி வாசங்கள் எல்லாம் எஸ்டர்களின் வேலை. ஒரு விஸ்கியில் பழ வாசம் தூக்கலாக இருந்தால் அது பொறுமையாகப் புளித்தது என்று ஊகிக்கலாம்.

செம்பும் கோபுரமும்

புளித்த சாற்றைக் காய்ச்சி வடிப்பதில் இரண்டு வழிகள். ஒன்று செம்புக் கொப்பரை. எத்தனால் 78 டிகிரியிலும் நீர் 100 டிகிரியிலும் கொதிக்கும். ஆவியைக் குளிர்வித்தால் ஆல்கஹால் கூடிய நீர் வரும். இரண்டு முறை வடிப்பது ஸ்காட்லாந்தின் வழக்கம், அயர்லாந்தில் மூன்று முறை வடிப்பது பெருவழக்கு. இரண்டாம் வடிப்பில் முதலில் இறங்குவதை ஒதுக்குகிறார்கள், அதில் அசிட்டால்டிஹைடும் நகப்பூச்சு வாசம் வீசும் எத்தில் அசிடேட்டும் அதிகம். கடைசியில் இறங்குவதையும் ஒதுக்குகிறார்கள், அதில் ஈரத்தோல் நாற்றம் தரும் கொழுப்பு அமிலங்கள் இருக்கும். நடுவில் வருவதே பீப்பாய்க்குப் போகிறது. எங்கே வெட்டுவது என்ற முடிவில்தான் காய்ச்சுபவரின் திறமை தெரியும். கொப்பரை செம்பில் இருப்பதற்குக் காரணம் அழகு இல்லை. வெந்த முட்டைக்கோஸ் போல நாறும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது வழி கோபுரம் போன்ற தொடர்வடிகலன். டப்ளின் நகரத்து ஏனியஸ் காஃபி 1830-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நிறுத்தாமல் ஓடும், எரிபொருள் மிச்சம், ஆல்கஹாலை 96 சதவீதம் வரை தூய்மையாக்கலாம். ஆனால் அந்த அளவுக்குத் தூய்மையாக்கினால் மூலப்பொருளின் வாசமும் சேர்ந்து போய்விடும். அரிசியோ கரும்போ, எதில் தொடங்கியது என்று மூக்கால் சொல்ல முடியாது.

நம் ஊர் பாட்டில்களைப் புரிந்துகொள்ள இந்த இடம்தான் சாவி. சர்க்கரை ஆலைக் கழிவான கரும்புப்பாகு இந்தியாவில் மலிவாகக் கிடைத்தது. உணவுத் தானியம் போதாத காலத்தில் அதைச் சாராயத்துக்குத் திருப்புவதும் எளிதாக இருக்கவில்லை. ஆகவே பாகிலிருந்து வடித்த வாசமற்ற ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் சாராயமும், சிலவற்றில் கொஞ்சம் ஸ்காட்ச்சும், நிறமும் மணமும் சேர்த்து விஸ்கி என்று விற்பது வழக்கமாயிற்று. தானியத்தை வடித்து மூன்றாண்டாவது மரத்தில் வைக்காததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது லேபிளின் பின்பக்கம். "சிங்கிள் மால்ட்" என்றால் மால்ட் பார்லி மட்டுமே, செம்புக் கொப்பரையில், ஒரே சாலையில் வடித்தது என்று பொருள். "பிளெண்டட்" என்றால் கலவை. எதைக் கலந்தார்கள் என்று பொருள் பட்டியலில் தேட வேண்டும்.

லேபிளில் இன்னொரு எண் உண்டு: 42.8 சதவீதம். இந்திய பாட்டில்களில் இது அடிக்கடி தென்படும். இங்கிலாந்தின் பழைய புரூஃப் கணக்கில் 100 புரூஃப் என்பது 57.1 சதவீத ஆல்கஹால், அதில் முக்கால் பங்கு 42.8. பாட்டிலில் 46-உம் அதற்கு மேலும் போட்டிருந்தால் அநேகமாக அதைக் குளிரவைத்து வடிகட்டவில்லை என்று கொள்ளலாம். 46-க்குக் கீழே போனால் நீள்சங்கிலி எஸ்டர்கள் குளிரில் திரண்டு விஸ்கி மங்கலாகும். அதைத் தவிர்க்கத்தான் வடிகட்டுகிறார்கள், அதில் வாசத்திலும் வாயில் படரும் வழவழப்பிலும் சிறிது போய்விடுகிறது.

மரம் தரும் வாசம்

கொப்பரையிலிருந்து வரும்போது விஸ்கி நீர் போல நிறமற்றது. பொன்னிறமும் மணத்தின் பெரும்பங்கும் ஓக் பீப்பாயிலிருந்து வருகின்றன. பீப்பாய் செய்பவர் பலகைகளை நெருப்பில் வாட்டியே வளைக்கிறார். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது, ஐஸ்கிரீமில் தெரியும் வெனிலா வாசம் அது. யூஜினாலும் வருகிறது. கிராம்பின் மணத்துக்கு முதற்காரணம் யூஜினால். ஏரலுக்குப் பக்கத்து ஊரான ஆத்தூரின் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலையைக் கசக்கி முகர்ந்தால் ஏறும் காரமான மணத்திலும் யூஜினாலும் அதன் நெருங்கிய உறவான சேர்மங்களும் இருக்கின்றன. கிராம்பு செருகிய வெற்றிலையை ஒருமுறை கவனமாக முகர்ந்தவர் பழைய பீப்பாயின் மசாலா வாசத்தை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

அமெரிக்க வெள்ளை ஓக்கில் அதிகமாக உள்ள ஒரு சேர்மத்தை வேதியியலார் விஸ்கி லாக்டோன் என்றே அழைக்கிறார்கள். தேங்காய்க்கு மணம் தருவதும் லாக்டோன் குடும்பம்தான், அதனால் அமெரிக்க ஓக்கில் ஊறிய விஸ்கியில் துருவிய தேங்காயின் வாசம் வரும். அமெரிக்காவின் பர்பன் விஸ்கியில் மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக்கில்தான் அதை அடைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அந்தப் பீப்பாய்களை ஸ்காட்லாந்தும் இந்தியாவும் வாங்கிக்கொள்கின்றன. மற்றொரு வகை, ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய். உலர் திராட்சை, பேரீச்சம்பழம், அத்தி என்று வாசம் வந்தால் ஷெர்ரி பீப்பாய் என்று நினைத்துக்கொள்ளலாம்.

மரத்தைச் சுடும்போது அதிலுள்ள சர்க்கரைகளும் கருகுகின்றன. ஃபர்ஃபுரால், மால்ட்டால் போன்ற சேர்மங்கள் உருவாகின்றன. விடிலி என்ற குடிசைக்குள் பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சி, அது கூப்பனிப் பதம் தாண்டிச் சிரட்டையில் ஊற்றும் பதத்துக்கு வரும்போது எழும் வாசத்துக்கும் சூட்டில் சர்க்கரை படும் பாடுதான் காரணம். உடன்குடிக் கருப்பட்டியை உடைத்து முகர்ந்து பாருங்கள். எரிந்த இனிப்பு, லேசான புகை, காபிக் கொட்டையின் சாயல் ஆகியவை அடுத்தடுத்து வரும். மேல்நாட்டு நூல்கள் "டாஃபி", "பட்டர்ஸ்காட்ச்" என்று எழுதும் இடங்களில் நம் வாசகர் கருப்பட்டி என்று தாராளமாக எழுதிக்கொள்ளலாம். இரவல் சொற்களில் மூக்கைத் தேடினால் எதுவும் அகப்படாது. சொந்த வாசத்தின் பெயரைச் சொன்னால் நினைவு சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

வெயிலின் பங்கு

மரம் மூச்சு விடும். பீப்பாயின் துளைகள் வழியாக நீரும் ஆல்கஹாலும் ஓயாமல் ஆவியாகின்றன. ஸ்காட்லாந்துக் குளிரில் இந்த இழப்பு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். அதைத் தேவதைகளின் பங்கு என்று செல்லமாகச் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்குக் குளிர்ந்த ஊரான பெங்களூருவில் இழப்பு 10 முதல் 12 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாயில் ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் 157 லிட்டர் மிஞ்சும். பெங்களூருவில் ஐந்தே ஆண்டில் 105 லிட்டர்தான் மிஞ்சலாம்.

அம்ருத் நிறுவனம் 1948-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. 2004-இல் அது தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. பத்துப் பன்னிரண்டு வயதைத்தான் மதிப்போம் என்றிருந்த உலகத்துக்கு, நான்கைந்து வயது விஸ்கியைக் குடிக்கக் கொடுத்த துணிச்சல் அது. இந்தியப் பார்லியையும் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்து அவர்கள் செய்த ஃபியூஷனை, விமர்சகர் ஜிம் மர்ரே தம் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று குறித்தார். பின்னாளில் எட்டு வயது விஸ்கி ஒன்றை வெளியிட்டபோது அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிரீடி ஏஞ்சல்ஸ், அதாவது பேராசைத் தேவதைகள். பீப்பாயில் ஊற்றியதில் பெரும்பகுதி காற்றில் போயிருந்தது. கோவாவில் கடலோர ஈரக்காற்றில் முதிரும் பால் ஜான், 2012-இல் லண்டனில் அறிமுகமானது. தைவானின் கவலான் விஸ்கியும் வெயிலில் முதிர்ந்தே பெயர் வாங்கியது.

தூத்துக்குடிக் கரை இன்னும் கடுமையானது. உப்பளங்கள் இங்கே செழிப்பதற்குக் காரணமே, வானம் தரும் மழையை விட வெயில் உறிஞ்சும் நீர் பல மடங்கு அதிகம் என்பதுதான். இந்தக் கரையில் ஒரு பீப்பாயை வெயில் படும் கிட்டங்கியில் போட்டுவைத்தால், சில ஆண்டுகளில் மரச்சாறு மட்டும் மிஞ்சக்கூடும்.

இதிலிருந்து தேர்வுக்கு என்ன கிடைக்கிறது? பீப்பாயின் வயதை ஊர் பார்த்துத்தான் படிக்க வேண்டும். சூடு கூடினால் மரத்திலிருந்து வெனிலினும் டானினும் விரைவாக இறங்கும், நிறமும் சீக்கிரம் ஏறும். ஆனால் ஆக்சிஜன் மெல்ல உட்புகுந்து, அமிலங்களும் ஆல்கஹாலும் எஸ்டராக இணைவது காலம் கேட்கும் வேலை. ஆகவே ஐந்து வயது இந்திய விஸ்கி பதினைந்து வயது ஸ்காட்ச்சுக்குச் சமம் என்ற விளம்பரக் கணக்கு சரியில்லை. இரண்டும் இரண்டு வகை. வெயிலில் முதிர்ந்தது தடிப்பாக, மசாலா வாசத்தோடு, மர இனிப்போடு வரும். குளிரில் கிடந்தது மெல்லிய பழ அடுக்குகளோடு வரும். நாக்கின் ஓரத்தில் தேயிலைக் கசாயம் போலப் பிடித்தால், அந்தப் பீப்பாய் தேவைக்கு மேல் கிடந்திருக்கிறது.

புகை

ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் முளைகட்டிய பார்லியை உலர்த்த, பல்லாயிரம் ஆண்டு மக்கிய புல்லும் பாசியும் இறுகிய பீட் என்ற மண்ணை எரிப்பார்கள். அதன் புகையிலுள்ள பீனால்களும் கிரெசால்களும் கையகாலும் மணியில் படிந்துவிடும். ஆஸ்பத்திரி வராந்தா வாசம், தார் வாசம், அடுப்புப் புகை வாசம் எல்லாம் இவற்றால்தான். மால்ட்டில் இவை பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். ஐலே விஸ்கிகளில் லஃப்ரோய்க்கில் சுமார் 40, ஆர்ட்பெக்கில் சுமார் 55, ஆக்டோமோரில் 100-ஐயும் தாண்டும். கையகால் எந்த மர விறகு எரிந்தாலும் பிறக்கும். விறகடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு இது பழகிய வாசம். ஆனாலும் தொடக்கத்திலேயே இதற்குப் போனால் மற்ற வாசங்களைப் புகை மூடிவிடும். கடைசிப் படியாக வைத்துக்கொள்வது நல்லது.

முகரும் முறை

முதல் பாடம் மது இல்லாமலே. வாழைப்பழத் துண்டு, துருவிய தேங்காய், கிராம்பு, கசக்கிய வெற்றிலை, கருப்பட்டித் தூள், உலர் திராட்சை, விறகுக் கரி. தனித்தனி டம்ளரில் போட்டு மூடி, யாரையாவது மாற்றி வைக்கச் சொல்லி, கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லுங்கள். நாம் நினைப்பதை விட இது கடினம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லேய்ங் 1989-இல் காட்டியபடி, கலந்திருக்கும் வாசங்களில் மூன்று நான்குக்கு மேல் மனிதரால் பிரித்தறிய முடிவதில்லை, பயிற்சி பெற்றவருக்கும் இதே எல்லைதான். ஒரு விஸ்கிக்குப் பதினைந்து வாசம் அடுக்கும் குறிப்பைப் படித்துத் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டாம். இரண்டைச் சரியாகப் பிடித்தாலே போதும்.

அடுத்து, ஜோடி போட்டு ருசிப்பது. ஒரே நேரத்தில் இரண்டு விஸ்கி, ஆளுக்குப் பத்து மில்லி. இரண்டுக்கும் இடையே முடிந்தவரை ஒரே ஒரு வேறுபாடு இருக்க வேண்டும். முதல் ஜோடி: பாகுக் கலவை விஸ்கியும் சிங்கிள் மால்ட்டும், தானியம் தரும் வித்தியாசம் தெரியும். இரண்டாவது: ஒரே சாலையின் பர்பன் பீப்பாயும் ஷெர்ரி பீப்பாயும், மரம் தெரியும். மூன்றாவது: பர்பன் பீப்பாயில் முதிர்ந்த ஸ்காட்ச்சும் அதே வகைப் பீப்பாயில் முதிர்ந்த இந்திய மால்ட்டும், வெயில் தெரியும். நான்காவது: புகையுள்ளதும் இல்லாததும். இந்த நான்கு ஜோடிகளைக் கவனமாகக் கடந்தவர் இனித் தொடக்கநிலைக்காரர் இல்லை. அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து அறுபது சதவீதத்தில் நீர் சேர்க்காமல் அடைத்தவற்றையும், ஒற்றைப் பீப்பாய் விஸ்கிகளையும் தேடிப் போகலாம்.

குவளை வாய் குறுகியதாக இருந்தால் வாசம் கூடி நிற்கும். மூக்கை உள்ளே நுழைத்து இழுத்தால் எத்தனால் அதை மரத்துப்போகச் செய்யும். சற்றே தள்ளி, வாயை லேசாகத் திறந்து மெல்ல இழுக்க வேண்டும். வாயில் வைத்ததும் எரிவது ஏன் என்பதற்கும் விடை உண்டு. சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் ஏற்பி ஒன்று நம் வாயில் இருக்கிறது. சாதாரணமாக 42 டிகிரிச் சூட்டில் விழிக்கும் அதை எத்தனால் 34 டிகிரியிலேயே விழிக்கவைக்கிறது. அதாவது வாயின் சொந்தச் சூடே சுடுவதாகத் தோன்றும். ராவாக ஒரே மடக்கில் அடித்து, மேலே மிளகாய் போட்ட சைட் டிஷ்ஷும் ஊறுகாயும் தின்றால் ஒரே ஏற்பியை மூன்று பக்கமும் அடிக்கிறோம். வாசத்துக்கு அங்கே இடமே இல்லை.

சில துளி நீர் சேர்ப்பது ஏன் உதவுகிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ஃபிரீட்மனும் 2017-இல் கணினி மாதிரியில் ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் சுமார் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கையகால் மூலக்கூறு திரவத்தின் உள்ளே அமிழ்ந்திருக்கிறது. 45 சதவீதத்துக்கும் கீழே இறங்க இறங்க மேற்பரப்பில் வந்து கூடுகிறது. மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு வரும். ஐஸ் இதற்கு நேர்மாறு, குளிர்ந்தால் ஆவியாவது குறைந்து வாசமும் குறையும்.

கடைசியாக, விலையை மறைத்து ருசியுங்கள். ஹில்க பிளாஸ்மன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒயினை அதிக விலை சொல்லிக் கொடுத்தபோது குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னதோடு, மூளையில் இன்பத்தைப் பதிவு செய்யும் பகுதியும் கூடுதலாக இயங்கியது. விலை நாம் உணரும் இன்பத்தை உண்மையாகவே மாற்றுகிறது. பெயரைத் தாள் சுற்றி மறைத்து நண்பர்கள் மாற்றி ஊற்றிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது பிடிக்கும் என்று நமக்கே தெரியவரும்.

அளவு

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பகுதி இதுதான். 42.8 சதவீத விஸ்கி 30 மில்லியில் 10 கிராம் எத்தனால் இருக்கிறது. 180 மில்லி குவாட்டரில் 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏழிலிருந்து பத்து கிராம். மீதி இரத்தத்தில் காத்திருக்கும். எத்தனால் உடையும்போது பிறக்கும் அசிட்டால்டிஹைடு மரபணுவைச் சிதைக்கும். மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று அந்நிறுவனம் 2023-இல் சொன்னது. குடிக்காதவர் விஸ்கியின் அறிவியலுக்காகக் குடிக்கத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. டம்ளர் வரிசைப் பயிற்சி அவருக்கும் முழுப் பலன் தரும்.

மூக்கு தோற்கும் இடம் ஒன்றும் உண்டு. மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் வாசத்தில் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, பார்வை நரம்பு முதலில் சாகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயத்தை எந்தத் திறமையாலும் சோதித்துக் குடிக்க முடியாது. தொடாமலிருப்பதே ஒரே வழி.

ருசி தெரிந்தவருக்கு அளவு குறைவது தியாகமாகத் தோன்றாது. முதல் பத்து மில்லியில் மூக்கு கூர்மையாக இருக்கும், அறுபதைத் தாண்டினால் மந்தமாகிவிடும். நல்ல விஸ்கியை அதிகம் குடிப்பவர் அதன் வாசத்தை இழந்து போதையை மட்டும் விலை கொடுத்து வாங்குகிறார்.

அடுத்த முறை ஒரு பாட்டிலைக் கையில் எடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். தானியமா, பாகா? செம்புக் கொப்பரையா, கோபுரமா? எந்தப் பீப்பாய்? எந்த ஊர் வெயில்? விடை லேபிளில் இருந்தால், செய்தவர் உங்களை மதிக்கிறார், விலையைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.